கிழவியைச் சாகவிடாத கெசியா

கோழிச் சாற்றில் முதல் கரண்டி கெசியாவின் வாய்க்குத்தான். மேசைக்கு எதிரே நின்றுகொண்டு, ஹார்வுட் அம்மாள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, ஊற்றி விழுங்கிவிட்டு வாயைத் திறந்தும் காட்டுவாள். பிறகு சோள அடையில் ஒரு விள்ளல், பன்றித் தொடைக் கறியில் ஒரு துண்டு, கீரையில் ஒரு வாய். "பாத்தாச்சா? இன்னும் நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்? சாப்பிடுங்கம்மா, ஆறிப்போகுது" என்பாள். அப்போதும் கிழவி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துத்தான் கரண்டியைத் தொடுவாள்.

இந்தக் கூத்துக்குக் காரணம் கர்னல் ஹார்வுட்டின் உயில். எங்கள் எல்லோரையும் மனைவியின் ஆயுள் முடிய அவளுக்கு எழுதிவைத்து, அவள் காலத்துக்குப் பிறகு அத்தனை பேருக்கும் விடுதலை என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். நல்ல மனுஷன்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் துளிகூட யோசனை இல்லாத மனுஷன். வர்ஜீனியாவில் ஒரு பண்ணை நிறைய அடிமைகளை வைத்துக்கொண்டு, இந்த அம்மா செத்தால் நீங்கள் உங்கள் இஷ்டத்துக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனால், அந்த அம்மா ராத்திரி எப்படித் தூங்குவாள்? நாங்கள்தான் எப்படித் தூங்குவோம்?

நான் அந்த வீட்டு வண்டிக்காரன், ஐஷம். உயில் வாசித்த நாளிலிருந்து எங்கள் பக்கத்துக் குடிசைகளில் எல்லோரும் கிழவியின் உடம்பைப் பற்றித்தான் பேசினோம். அவள் தும்மினால் புகையிலை வயலில் வேலை நின்றுவிடும். இருமினால் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மறுநாள் அவள் தொப்பி வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்து ரோஜாச் செடியைக் கிள்ளிக்கொண்டு நின்றால், "நல்லா இருக்கீங்களாம்மா? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புவோம். அவளைக் கொல்லும் துணிச்சல் எங்களில் ஒருவருக்கும் கிடையாது. வேண்டிக்கொள்ளும் துணிச்சல் மட்டும் இருந்தது.

கெசியாவோ அவளைச் சாகவிடவே மாட்டேன் என்று நின்றாள். சமையல்காரி என்றால் சமைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இவள் கிழவியின் கால்மாட்டில் வைக்கச் செங்கல்லைச் சுடவைத்துக் கம்பளியில் சுற்றி எடுத்துப் போவாள். ஜன்னல் இடுக்கில் கந்தல் துணியைத் திணிப்பாள். தொண்டை கரகரத்தால் காட்டுக்குப் போய்க் கசப்பு இலை பறித்து வந்து தேன் போட்டுக் காய்ச்சுவாள். "சாவு வர்றதுக்குச் சின்னச் சந்து போதும்ணே, அதான் அடைக்கிறேன்" என்பாள் என்னிடம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைத் திட்ட ஆரம்பித்துவிடுவாள்.

அடுப்பைத் திட்டுவது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. பானையோடு பேசுவாள், சட்டியோடு சண்டை போடுவாள். "ஏய் சோம்பேறி, எரியேன்டி, உனக்கும் விடுதலை வேணுமா?" என்று விறகைப் பார்த்துக் கேட்பாள். குட்டையான, தாட்டியான உடம்பு. எஜமானி தட்டில் பாதியைத் தானே ருசி பார்த்துத் தின்றதில் இன்னும் தாட்டியாகிவிட்டாள் என்று நாங்கள் கேலி பண்ணுவோம். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. சுவரில் முதுகைச் சாய்த்து ஒரு காலை மடித்து நின்றபடியே தின்று முடித்து, விரலைப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள்.

நெசவுக்காரி சூக்கிக்கு அவளைக் கண்டாலே ஆகாது. கிணற்றடியில் ஒருநாள் வழி மறித்தாள்.

"அடியே கெசியா, உனக்கு அடிமையா இருக்கப் பிடிச்சிருந்தா நூறு வருஷம் இரு. எங்களை ஏன்டி சேத்துப் பிடிச்சு இழுக்கிறே?"

"நான் யாரையும் இழுக்கல. கஞ்சி காச்சுறேன்."

"அந்தக் கஞ்சியிலதான்டி எங்க ஆயுசு போகுது."

"அப்ப நீ வந்து காச்சு. நான் தறியில உக்காந்துக்கிறேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லோரும் அவளை எஜமானியின் வால் என்றார்கள். நானும் சொன்னேன். காரணம் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னோம். உயிலில் எல்லோருக்கும் விடுதலை என்று இருந்ததே, அதில் ஒரே ஒரு பெயருக்கு மட்டும் விலக்கு இருந்தது. அது ரோடா, கெசியாவின் மகள். அவளுடைய தகப்பனைப் பக்கத்துப் பண்ணைக்காரர் தெற்கே விற்றுவிட்டார். கெசியாவுக்கு மிஞ்சியது இந்த ஒரு பிள்ளைதான்.

கர்னலின் பேத்தி லெட்டி பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக விருந்துக்கு வந்திருந்தபோது, சமையல்கட்டு வாசலில் தவழ்ந்துகொண்டிருந்த ரோடாவைப் பார்த்து, "தாத்தா, எனக்கு இது வேணும்" என்றாள். கர்னல் சிரித்துக்கொண்டே குழந்தையின் கையை எடுத்துப் பேத்தியின் கையில் வைத்தார். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் அது வழக்கம். பேரன் பேத்திக்கு ஒரு குதிரைக் குட்டி, ஒரு வெள்ளிக் கிண்ணம், ஒரு குழந்தை. சொன்ன சொல்லை மீறக் கூடாது என்று கர்னல் அதை உயிலிலும் எழுதிவிட்டார்: மனைவி இருக்கும்வரை ரோடா இந்த வீட்டில், அதற்குப் பிறகு லெட்டிக்கு. லெட்டி இப்போது கல்யாணமாகிக் கென்டக்கியில் இருக்கிறாள். மலைகளைத் தாண்டிப் போக வேண்டும். போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பிள்ளையை விட்டுக்கொடுக்கும்படி லெட்டிக்கு எழுதச் சொல்லிக் கெசியா கிழவியின் காலைப் பிடித்துக் கேட்டாள். கிழவியும் பாவம், கென்டக்கிக்குக் கடிதம் போட்டாள். லெட்டியின் புருஷனிடமிருந்து பதில் வந்தது. தாத்தா தன் கையால் கொடுத்தது, அவர் ஞாபகமாக வைத்துக்கொள்ள லெட்டி ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தான். ஞாபகத்துக்கு ஒரு மூக்குக் கண்ணாடி போதாதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று குதிரைக்குத் தண்ணீர் காட்டவே மறந்துவிட்டேன்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க" என்று அன்று சாயங்காலம் லாயத்துக்கு வந்து நின்றாள் கெசியா. "அம்மா செத்தா நான் எனக்குச் சொந்தம், ரோடா லெட்டிக்குச் சொந்தம். அம்மா இருந்தா நாங்க ரெண்டு பேரும் அம்மாவுக்குச் சொந்தம், ஆனா ஒரே போர்வைக்குள்ள படுத்துக்கிறோம். இதுல எதைக் கேட்டு நான் ஜெபம் பண்றது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எல்லாரும், வேதத்துல வர்ற அடிமை ஜனங்க மாதிரி, எகிப்துல இருந்து எங்களைக் கூட்டிட்டுப் போன்னு அழுறீங்க. நானும் ஆமென் சொல்லிடுறேன். வீட்டுக்கு வந்து, கர்த்தாவே, அந்த ஆமெனைக் கணக்குல எடுத்துக்காதேன்னு சொல்றேன். மறுபடியும் பயமா இருக்கு. நம்ம ஜனங்க பாவம் என் தலையில விழுமேன்னு அதையும் வேணாம்னு சொல்றேன். ஆண்டவரே குழம்பிப் போயிருப்பாருண்ணே."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் கிழவிக்குக் காய்ச்சல் வந்தது. வைத்தியர் கை நரம்பைக் கீறிக் கெட்ட ரத்தம் என்று வடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். சூக்கி மூட்டையே கட்டிவிட்டாள். ஆண்கள் எந்த ஊருக்குப் போவது என்று சண்டை போட்டார்கள். நான் என் நல்ல சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். கெசியா வைத்தியர் கொடுத்த மருந்தை வெளியே கொட்டிவிட்டு, சோளக் கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். கிழவி பிழைத்து எழுந்து வெண்ணெய் கேட்டாள். அன்றைக்கு எங்கள் குடிசைப் பக்கம் ஒருவரும் கெசியாவோடு பேசவில்லை. ரோடாவோடு விளையாடவும் பிள்ளைகளை விடவில்லை. நானும் பேசவில்லை, துவைத்த சட்டையை மடித்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காய்ச்சலை விடக் கிழவியை வாட்டியது, அந்தக் காய்ச்சலில் அரைக்கண்ணால் பார்த்த எங்கள் முகங்கள்தான் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் வைக்கோல் போர் ஒன்று தீப்பிடித்தது. யார் வைத்தார்கள், தானாகப் பிடித்ததா, இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, "ஐஷம், வண்டியைப் பூட்டு. வக்கீலைப் பார்க்கணும்" என்றாள். வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள். "என் சாவுக்காகக் காத்திருக்கிற வீட்டுல எப்படிப்பா இருக்கிறது? எல்லாரும் போயிடுங்க. இப்பவே போயிடுங்க." அவள் குரலில் கோபம் இருந்ததா அழுகை இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் கடிவாளத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆக, கிழவி சாகாமலேயே எங்களுக்கு விடுதலை வந்தது. தனக்குள்ள உரிமையைப் புத்தாண்டோடு விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். ரோடாவைப் பற்றி மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை அவள் இருக்கும்வரை அவளிடம், பிறகு கென்டக்கியில். சூக்கி ஓடிப் போய்க் கெசியாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "இனி உனக்கும் பிரச்சினை இல்லடி. கூலிக்கு இதே வீட்டுல சமைச்சுக்கிட்டு உன் பொண்ணு பக்கத்துலயே இருக்கலாம்" என்றாள். கெசியாவின் முகம் அன்று தெளிந்ததை நானே பார்த்தேன். அடுப்பைக்கூட அன்று திட்டவில்லை.

ஜனவரியில் கோர்ட் கூடிய நாளில் எல்லோரும் நடந்தே போனார்கள். கிழவி வண்டியில், அவள் கால்மாட்டில் கெசியாவும் ரோடாவும். விடுதலையான ஆளைப் பதிவு பண்ணும்போது சுவரில் அளவுகோல் கட்டி உயரம் பார்ப்பார்கள். எங்கே தழும்பு, எங்கே மச்சம் என்று குமாஸ்தா கேட்டு எழுதுவார். சூக்கி முதுகை நிமிர்த்தி, குதிகாலைத் தூக்கி நின்றாள். "காலைக் கீழே வை" என்றார் குமாஸ்தா. "இன்னிக்குத்தாங்க கொஞ்சம் வளந்திருக்கேன்" என்றாள் அவள். கோர்ட்டே சிரித்தது. என் முறை வந்தபோது முதுகைச் சுவரோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

கெசியாவின் முறை வந்தபோதுதான் குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "போன வருஷம் போட்ட சட்டம், ஞாபகம் வெச்சுக்கோங்க. விடுதலையான ஆளு ஒரு வருஷத்துக்கு மேல வர்ஜீனியாவுல இருக்கக் கூடாது. இருந்தா பிடிச்சு வித்துடுவாங்க."

அளவுகோலில் பாதி சாய்ந்திருந்த கெசியா தலையை எடுத்தாள். "யாரு இருக்கக் கூடாது?"

"நீதான்."

"என் பொண்ணு?"

"அவ விடுதலை ஆகலையே. அவ இங்கதான் இருக்கணும்."

"அப்ப அவளுக்குப் பக்கத்துல நான் இருக்கணும்னா?"

குமாஸ்தா வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கிழவியைப் பார்த்தார். கிழவி என்னைப் பார்த்தாள், எனக்குத் தெரிந்திருக்கும் என்பது போல. மனு போடலாம் என்றார் ஒருவர். மனுவெல்லாம் தள்ளுபடிதான் என்றார் இன்னொருவர். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கெசியா அளவுகோலின் அடியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ரோடாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுந்து நில்லு, அளக்கணும்" என்றார் குமாஸ்தா.

"என் பேரை எழுதாதீங்க சாமி. எனக்கு வேணாம். உயில்ல இருக்கறபடி அம்மா காலம் முடியற வரைக்கும் நான் அம்மாவோடவே இருந்துக்கிறேன்."

"வேண்டாம்னு சொல்றவங்களை நான் பார்த்ததே இல்லையேம்மா" என்று அந்த மனுஷன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். மை சொட்டிக்கொண்டிருந்தது. சூக்கி, "பைத்தியமாடி உனக்கு? எழுந்திருடி, எழுந்திரு" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கியபடியே அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கெசியாவைத் தூக்கி நிறுத்த வேண்டும் போலவும் இருந்தது, பக்கத்தில் உட்கார வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

கிழவிக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கிருந்த பெரிய மனிதர்களைப் பார்த்து, "பார்த்தீங்களா, என்னை விட்டுப் போக மனசில்ல அவளுக்கு" என்றாள். அவர்களும் மெச்சித் தலையை ஆட்டினார்கள். நான் பற்களைக் கடித்துக்கொண்டேன். கெசியா ரோடாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பெயர் எழுதி முடித்தவர்கள் காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போகத் தொடங்கினார்கள். திறந்த கதவு வழியாகக் குளிர்காற்று அடித்தது. கிழவி ஒரு முறை இருமினாள். கெசியா சட்டென்று ரோடாவை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தாள். "அந்தக் கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றாள் எங்களைப் பார்த்து. தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, கிழவியின் கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு இறுக்கினாள். பிறகு துணிக்கும் தொண்டைக்கும் நடுவில் ஒரு விரலை விட்டுப் பார்த்து, முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினாள்.