சங்குக்கு விட்ட இடைவெளி

குடியரசு தினக் கலைநிகழ்ச்சிக்கான விதிகளில் மூன்றாவது இது: பாடுபவர் தம் சொந்தப் பாடலையே பாட வேண்டும், சினிமாவிலோ இசைத்தட்டிலோ வந்த பாடல்களுக்கு அனுமதி இல்லை. விதியில் ஒரு குறையும் கிடையாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் போர்ட் பிளேரில் தலைமை எழுத்தர். டெலானிபூரில் குவார்ட்டர்ஸ். பக்கத்து வரிசையில் இருந்தவர் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் இயக்குபவர், தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த கத்தோலிக்கர். பாதி தமிழும் பாதி இந்தியுமாக, தகர டின்னில் தாளம் தட்டி அவர் கட்டிய பாட்டுகளை, கப்பல் அணையும் ஜெட்டியின் பெயரால், ஊரே ஜெட்டிப் பாட்டு என்றது. அவருக்கு முன்னால் அப்படி யாரும் பாடிக் கேட்டதில்லை. அப்புறம் வடக்கே கப்பலில் போகிற ரங்கத் வரைக்கும் அது இல்லாமல் கல்யாணமே இல்லை.

எங்கள் கல்யாணங்களில் ஒரு தொல்லை உண்டு. மர ஆலைச் சங்கு ஊதினால் ஐயரின் மந்திரமும் கேட்காது, சாமியாரின் ஜெபமும் கேட்காது. இவர் அதைப் பாட்டுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். நேரம் பார்த்துத் தொடங்கி, மூன்றாம் அடியில் நிறுத்துவார். சங்கு ஊதும். கூட்டமும் சேர்ந்து "ஊ..." என்று கத்தும். பிறகுதான் டின் முழங்கும்.

ஒரு நாள் மெயின்லேண்ட் கப்பலில் வந்த இசைத்தட்டை பஜார் டீக்கடையில் போட்டார்கள். குரல் பிரபலமான பின்னணிப் பாடகர் ஒருவருடையது. பாட்டு எங்கள் விஞ்ச்காரருடையது. மூன்றாம் அடி முடிந்ததும் பாட்டு நின்றது. பெண்கள் கோரஸாக "ஊ..." என்றார்கள். கடையில் இருந்த அத்தனை பேரும் பழக்கத்தில் ஆலைப் பக்கம் திரும்பினோம். யார் கொண்டுபோனார்களோ தெரியாது. கப்பலில் பாட்டுக்கு டிக்கெட் கேட்பதில்லை. அதே கப்பலில் வந்த பத்திரிகை அந்தப் பாடகரைப் புதுவகைப் பாட்டின் தந்தை என்றது.

அடுத்து விழாக் குழு. அந்தப் பாட்டைப் பாட அவர் அங்கே பெயர் கொடுத்திருந்தார். செயலாளர் மெயின்லேண்டிலிருந்து வந்த தமிழர்.

"ஏம்ப்பா, ரெக்கார்டுல வந்ததை என் பாட்டுங்கிறியே, கூச்சமா இல்ல?"

"சாப், அந்த ரெக்கார்டுல நம்ம மில்லுச் சங்குல்லா ஊதுது! மெட்ராஸ்ல ஏது சாப் நம்ம மில்லு?"

"அவ்வளவு பெரிய பாடகர் உன்னைக் கேட்டுக்கிட்டா பாடினார்?"

"அதத்தான சாப் நானும் சொல்லுதேன். கேக்கவே இல்லியே!"

குழு சிரித்தது. மூன்றாவது விதிப்படி அவர் பெயரை அடித்தது.

அன்று மாலை என் வீட்டு வாசலில் நின்றார்.

"பாபு, போன வாரக் கல்யாணத்துல மாப்ள வீட்டுக்காரன், 'அரே, நல்லா காப்பி அடிக்கிறியே'ங்கான். இனி நான் என் பாட்டப் பாடுனா நாந்தான் திருடன். மேடைல ஒருக்க, இவரு கட்டுன பாட்டுன்னு மைக்ல சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

மேல்முறையீடு எழுதினேன். இசைத்தட்டு வருவதற்கு முன்பே அவர் பாடக் கல்யாணம் செய்துகொண்ட தம்பதிகளின் கையொப்பத்தை இணைத்து, உரிய வழியில் அனுப்பினேன். நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டலும் அனுப்பினேன்.

விழா அன்று, கடைசி நேரத்திலாவது பதில் வரும் என்று அவர் சலவைச் சட்டையும் டின்னுமாக மேடைக்குப் பின்னால் காத்திருந்தார். நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒலிபெருக்கிக்காரர் அந்த இசைத்தட்டையே போட்டார். நான் திகைத்துப்போனேன். ஒலிபெருக்கியை மூன்றாவது விதி கட்டுப்படுத்தாது. அங்கேயே எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டேன். பாட்டு நின்ற இடத்தில் மைதானமே "ஊ..." என்றது, முன்வரிசை அதிகாரிகள் உட்பட. அவர் மட்டும் வாய் திறக்கவில்லை. அறிவிப்பாளர் மைக்கில் பிரபலத்தின் பெயரைச் சொன்னார். கைதட்டல் அடங்குவதற்குள் அவர் டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்.

அவரைப் பாட அனுமதித்தும், பாட்டு அவருடையதே என்று மேடையில் அறிவிக்கப் பணித்தும் பதில் வந்தது. வரவு முத்திரையில் தேதி: ஜனவரி 27.