நாரத்தங்காய்த் தோலும் மாமாவின் பிட்டர்ஸும்

அக்கா கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மெட்ராஸில் ஓர் ஓட்டல் பாரில் வேலை. மதுவிலக்கைக் கொஞ்ச காலம் தளர்த்தியிருந்த சமயம் அது. வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிற கலவைகளில் நாலைந்து சொட்டு விட 'பிட்டர்ஸ்' என்று ஒரு கசப்புச் சாறு வேண்டுமாம். சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த புட்டி நின்றுபோயிற்று. மாசக் கடைசிக்குள் ஏற்பாடு செய்யாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மானேஜர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா காஞ்சிபுரத்துக்கு வந்து, ஒரு புட்டி ரம்மையும் பிட்டர்ஸின் காலிப் புட்டியையும் என்னிடம் கொடுத்தார். நான் கெமிஸ்ட்ரி பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். மனுப் போடாமலே வந்த வேலை இது. விடுவேனா?

காலிப் புட்டியை முகர்ந்து முகர்ந்து பட்டியல் எழுதினேன். கிராம்பு, பட்டை, ஏலக்காய். ஆரஞ்சுத் தோலுக்குப் பதில் நாரத்தங்காய்த் தோல். கசப்புக்கு, நாட்டு மருந்துக் கடை நிலவேம்பு. அம்மாவிடம் வயிற்று மருந்து என்று சொல்லிவைத்தேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பிட்டர்ஸையே முதலில் மருந்தாகத்தான் விற்றார்களாம்.

மாடியில் காய்ந்த தோலை மற்றதோடு சேர்த்து ரம்மில் போட்டு, வெளிச்சம் படாத இடமாக அப்பாவின் தறிக்குழி மூலையில் ஜாடியை வைத்தேன். அப்பா மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் ஜாடி தானே குலுங்கும். தினமும் குலுக்குகிற வேலை எனக்கு மிச்சம். "காலாண்ட என்னடி வாசன, பாயசம் வக்கிறியா?" என்று கேட்டதோடு அவர் சரி.

கெடு முடிய ஒரே நாள் இருக்கும்போது மாமா வந்தார். பழைய வேட்டியில் வடிகட்டி, அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். நக்கிப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தார்.

"உப்புக் கரிக்குதேம்மா."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "பின்ன என்ன மாப்ள? உப்பே பிசிறாம தோலக் காயப் போட்டுக்கினு இருந்தா. நான்தான் ரெண்டு கை போட்டுப் பெரட்டி வச்சேன்."

நாரத்தங்காயை உப்பில்லாமல் காயவைக்கலாம் என்பது அம்மாவுக்குத் தோன்றவே தோன்றாது. ஆனால் நான்? கல்லூரியில் வருஷம் முழுக்க சால்ட் அனாலிசிஸ் செய்து முதல் வகுப்பு வாங்கியவள். தோலில் வெள்ளையாகப் பூத்திருந்ததை வெயிலின் வேலை என்று நினைத்திருந்தேன்.

புதிதாகப் போட நாளில்லை. மாமா அதையே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். நாலு நாள் தபால்காரரை எதிர்பார்த்து வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். பிறகு கடிதம் வந்தது. மானேஜருக்குப் பிடித்துவிட்டதாம். கசப்பு நாக்கில் ஏறுகிறது, தங்காமல் இறங்கிவிடுகிறது என்றாராம். இன்னொரு ஜாடி வேண்டுமாம்.

அத்தோடு நிறுத்தத் தெரியவில்லை எனக்கு. இரண்டாவது ஜாடிக்கு மாடிக் கதவைப் பூட்டிவிட்டு, சுத்தமாக, உப்பில்லாமல் தோலைக் காயவைத்தேன். மாமா அந்த ஜாடியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். நிலவேம்பு சாயந்திரம் வரைக்கும் நாக்கை விடவில்லையாம். மானேஜர் மறுபடி முறைக்கிறாராம்.

"இந்த வாட்டி அத்தை கை படலியா?" என்றார்.

அவர் போனதும் அம்மாவிடம் உப்பின் அளவு கேட்டேன். எத்தனை கிராம் என்று நோட்டும் பென்சிலுமாக நின்றேன். அம்மா அளவு சொல்லவில்லை. யார் வயிற்றுக்கு இத்தனை ஜாடி மருந்து என்று திருப்பிக் கேட்டாள். சொல்லிவிட்டேன், பார், ரம், மானேஜர், மாமாவின் வேலை எல்லாம்.

குடி என்ற பேச்சு வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போகிறவள் அம்மா. அன்றைக்கும் எழுந்தாள். போன இடம் அடுப்படி. உப்பு ஜாடியோடு திரும்பி வந்து, அடுத்த ஜாடிக்கென்று நான் உரித்து முறத்தில் போட்டிருந்த பச்சைத் தோலின் மேல் இரண்டு கை அள்ளிப் போட்டுப் பிசிற ஆரம்பித்தாள்.

"குடிக்கிறவனுக்கு நான் ஒண்ணும் செய்யல. எம் பொண்ணு வூட்ல அடுப்பு எரியணும். உப்பு நான் போடறேன், அந்த எழவ நீயே ஊத்து."