இடியோபதிக் என்ற ஆறுதல்

வெள்ளவத்தையில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. அப்பிளும் திராட்சையும் கொண்டு வருவார்கள், கூடவே நோய்க்கு ஒரு காரணமும். ஒருநாள் காலையில் பல் தீட்டும்போது என் வாயிலிருந்து தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடது பாதி தொங்கிப்போய்க் கிடக்கிறது. பாரிசவாதம் இல்லை, முகநரம்பு வீங்கியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் மருந்து தந்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

கீழ்மாடிக்காரிக்கு அது கண்ணூறு. இன்னொருத்தி, தலைமுழுகிவிட்டு ஈரத்தோடு படுத்ததால் என்றாள். நான் எப்போது அப்படிப் படுத்தேன் என்பது அவளுக்குத்தான் வெளிச்சம். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மச்சாள், என் கணவரின் அக்கா, சுவரை அண்ணாந்து பார்த்தார். "தம்பி, நீ பூட்டின இந்த ஏசிதான். கட்டிலுக்கு நேரையல்லோ காத்து வருது." உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அன்றிலிருந்து இவர் ஏசியைப் போடவில்லை. என் முகத்தைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். சோறு தருவார், மருந்து தருவார், கண் மட்டும் வேறெங்கோ இருக்கும். கோணல் முகத்தைப் பார்க்க அருவருப்பாக்கும் என்று நினைத்துக் குளியலறையில் அழுதேன். கோபமும் வந்தது.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது இவர் வெளியே வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே டொக்டர் அந்தச் சொல்லைச் சொன்னார்: இடியோபதிக்.

"அப்பிடியெண்டா என்ன டொக்டர்?"

"காரணம் இன்னதெண்டு தெரியாமல் வாறது."

"ஏசியால வந்ததோ?"

"அப்பிடிச் சொல்ல ஏலாது. பயப்படாதீங்க, அநேகமா சுகமாகிடும்."

மருந்துக்குக் காத்திருக்கும்போது போனில் தேடிப் பார்த்தேன். மூலம் கிரேக்கம். இடியோஸ் என்றால் தனக்கே உரியது, பாதோஸ் என்றால் துன்பம், நோய். வேறொன்றால் வராமல் தானே எழுந்த நோய். வைத்தியர்கள் கைவிரிப்பதற்கு இவ்வளவு கௌரவமான பெயரா என்று நினைத்தேன். ஆனாலும் மனம் லேசாகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவராவது 'தெரியாது' என்று சொல்லவில்லையே.

ஓட்டோவில் ஏறியதும் இவருக்கு வாசித்துக் காட்டினேன். "ஏசியாலயும் இல்லையாம். ஒருதரிலயும் பிழை இல்லை."

இவர் காலி வீதியின் வாகன நெரிசலைப் பார்த்தபடி இருந்தார். "ஒருக்கா திருப்பி வாசி" என்றார். வாசித்தேன்.

"உன்ர முகத்தைப் பாக்கேக்க எல்லாம், நான்தான் இப்பிடிச் செய்துபோட்டன் எண்டு இருந்தது. அதுதான் பாக்க ஏலாமல் போச்சு."

அழுகையை முந்திக்கொண்டு எனக்குச் சிரிப்பு வந்தது, அதுவும் பாதி முகத்தில் மட்டும். இவர் திரும்பி, கோணிப்போன அந்தச் சிரிப்பை வீடு வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.