இசக்கிதுரை மகளிடம் பேசாதிருந்த வருஷம்

கொச்சி மட்டாஞ்சேரியில் இசக்கிதுரையைப் போல ஒரு வாயாடி கிடையாது. யூதத் தெருவான ஜூ டவுனில் சுக்குக் கிடங்கில் மூட்டை அடுக்குகிறவர். தோளில் ஐம்பது கிலோ இருக்கும்போதும் வாய் சும்மா இருக்காது. அப்பேர்ப்பட்ட மனுஷன் பெற்ற மகளிடம் ஒரு வருஷம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

மகள் மகாவுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. சாயாக்கடை சங்கரலிங்கம்தான் ஆரம்பித்து வைத்தார்.

"வீட்டுல தமிழு, அங்கன்வாடியில மலையாளம். பிள்ள எதத்தான் புடிக்கும்? குழம்பிப் போயிருக்குடே. மலையாளம் மட்டும் பேசு, தன்னால பேசிரும்."

நரம்பில்லாத நாக்கு, சொல்லிவிட்டது. மனைவி வசந்திக்கு மலையாளம் தண்ணி பட்ட பாடு. இவருக்கோ "சேட்டா, ஒரு சாயா"வைத் தாண்டினால் தமிழ்தான் வரும். அரைகுறையாகப் பேசிப் பிள்ளையைக் கெடுப்பானேன் என்று வாயையே மூடிக்கொண்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஊமையாகிவிடுவார். வசந்தி மறந்துபோய்த் தமிழில் எதையாவது சொன்னால், உதட்டில் விரலை வைத்து "உஸ்ஸ்!" என்பார். மகளைத் "தாயி" என்று கூப்பிட நாக்கு துடிக்கும், விழுங்கிக்கொள்வார். பாவி மனுஷன், அதை விரதம் போலக் காத்தார்.

நாலு வயதானதும் அங்கன்வாடி டீச்சர் மூவரையும் தோப்பும்படியில் ஒரு பயிற்சி மையத்துக்கு அனுப்பினார். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மீனாக்ஷி, பாலக்காட்டுத் தமிழ்க்காரி.

"ஆத்துல நீங்க குழந்தைகிட்ட என்னெல்லாம் பேசுவேள்?"

"ஒத்த வார்த்த பேசுததில்ல, டீச்சர். ஒரு வருசமாச்சு. தமிழு அவ காதுல விழவே விடல" என்றார் இசக்கிதுரை பெருமையாக. மெச்சுவார் என்றுதான் நினைத்தார்.

எழுதிக்கொண்டிருந்த மீனாக்ஷியின் கை அப்படியே நின்றது.

"ஈஸ்வரா! யார் சொன்னா இப்படி? பரிசோதிச்சுப் பாத்ததுல இது ஆட்டிசம். ரெண்டு பாஷை கேட்டதனால வந்ததில்லை. பேச்சு மெதுவாத்தான் வரும். ஆனா நீங்க பேசணும், கூட உக்காந்து விளையாடணும். அம்மா மட்டும் போறாது."

ஒரு வருஷம்! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டதே! நல்லது செய்வதாக நினைத்து, அப்பன் இருந்தும் இல்லாத பிள்ளையாக்கிவிட்டோமே என்று இசக்கிதுரைக்கு உறைத்தது.

"என் சத்தம் அவளுக்கு நெனப்பு இருக்குமா, டீச்சர்?"

"கூப்பிட்டுப் பாருங்கோ."

மகா தரையில் உட்கார்ந்து டப்பா மூடி ஒன்றைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே மண்டியிட்டார்.

"தாயி..."

மூடி சுழன்று விழுந்தது. மகா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கையை மெல்ல நீட்டி, அவர் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தாள்.

"உஸ்ஸ்" என்றாள்.

வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இசக்கிதுரை அந்த விரலை விலக்கவில்லை. விரலுக்கு அடியிலேயே, அன்று காலையில் கிடங்குக்கு எத்தனை லாரி வந்தது என்று மகளுக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.