கரிநாள் பகல் காட்சி

அந்தக் கரிநாளில், காணும் பொங்கலன்று, எங்கள் ஊர்க் கொட்டகையில் படம் எத்தனை மணிக்குத் தொடங்கியது? உள்ளே மணலில், அத்தையை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் நான். ஆனாலும் இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

பாகூர்ப் பக்கம் அது ஒரு கீற்றுக் கொட்டகை. பண்டிகை நாட்களில் மட்டும் சுற்றிலும் கறுப்புத் துணி கட்டிப் பகல் காட்சி நடத்துவார்கள். டீக்கடைச் சுவரில் ஒட்டிய போஸ்டரில் பிற்பகல் 2.30 என்று அச்சடித்திருக்கும். ஊரில் யாரும் அதை நம்பியதில்லை. சேலியமேட்டு வண்டிகளும் குருவிநத்தத்து வண்டிகளும் வந்து மணல் தரை நிறைந்த பிறகுதான் மேனேஜர் ஒலிபெருக்கியில் கடைசி சாமிப் பாட்டை வைக்கச் சொல்வார். அது முடிந்தால் படம். எங்களுக்குக் கடிகாரம் அந்தப் பாட்டுத்தான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. தலைப்பொங்கலுக்கு வந்திருந்தாள். மில்லில் ஷிப்ட் இருந்ததால் மாமா கரிநாள் மாலைதான் வந்து, மறுநாள் அவளைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. "அவரு வர்றதுக்குள்ள வந்துடறேண்ணா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு படத்துக்குக் கிளம்பினாள்.

அன்று வண்டிகள் நெடுநேரம் வரவே இல்லை. உள்ளே போய் உட்கார்ந்தவர்கள் முறுக்கு தின்றோம், சண்டை போட்டோம், ஒரு குழந்தை தூங்கி எழுந்து மறுபடி தூங்கியது. எழுந்து போய்விடலாமா என்று அத்தை இரண்டு தடவை கேட்டாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தேன். பாட்டு ஒருவழியாக வந்தது. படம் விட்டு வெளியே வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது.

மாமா நடுவீட்டில் நாற்காலியில் இருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் போஸ்டரைப் படித்துவிட்டு வந்திருந்தார். புதுச்சேரியில் அவர் குடியிருந்த தெருத் தியேட்டரில் சொன்ன நேரத்துக்கு மணி அடித்துப் படம் ஓடும்.

"ரெண்டரைக்குப் போட்ட படம் அஞ்சரைக்கு வுட்டிருக்கும். இப்ப மணி இன்னா? அதுக்கப்புறம் எங்க இருந்த?" என்று கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இங்கல்லாம் பாட்டு போட்டாத்தாங்க படம்" என்றாள் அத்தை.

"பாட்டு போட்டா எங்க ஊர்ல டான்ஸுதான் ஆடுவாங்க."

அப்பா குறுக்கே போனார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, தாங்களும் கூடவே இருந்ததாகச் சொன்னார்கள். மாமா கேட்கவில்லை. "ஒங்க ஊருக்காரங்க ஒங்களுக்குத்தான பேசுவாங்க. கொட்டகைக்காரன் சொல்லட்டும், கூட்டிக்கினு போறேன்." என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

விடிந்ததும் அப்பா கொட்டகைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். மேனேஜர் பல் குச்சியோடு நின்றிருந்தார். அப்பா சொன்னதையெல்லாம் முழுக்கக் கேட்டார்.

"லேட்டாதான் போட்டேன்னு என் வாயால சொன்னா, நாளைக்கே லைசென்ஸப் புடுங்கிக்குவான். போஸ்டர்ல இருக்கறதுதாங்க டைமு."

"ஒரு பொண்ணு வாழ்க்கைப்பா."

"எனக்கும் பொண்ணு இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் வாய் கொப்பளிக்கப் போனார்.

அப்பா திரும்பி வந்தபோது மாமா பையோடு வாசலில் நின்றிருந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நடந்தார். அத்தை கட்டி வைத்திருந்த பொங்கல் சீர் அப்படியே கூடத்தில் கிடந்தது. அதற்குப் பிறகு பெரியவர்கள் பலமுறை போய்ப் பேசினார்கள். ஆவணியில் அவர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டதாகச் செய்தி வந்தது.

அப்பா அதற்குமுன் சினிமாவைப் பற்றிப் பேசியே நான் கேட்டதில்லை. பிறகு, பகல் காட்சிக்குப் போஸ்டர் ஒட்டினால் அடுப்புக்கரியை எடுத்துக்கொண்டு போய், 2.30க்குக் கீழே "வண்டி வந்தாத்தான் படம், நாலுக்கு மேல் ஆகும்" என்று எழுதிவிட்டு வருவார். கொட்டகை ஆட்கள் அதன்மேல் புதிதாக ஒட்டுவார்கள், அப்பா மறுபடி எழுதுவார். "எப்ப மேனேஜர் ஆன?" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அவர் கையிலிருந்த கரியைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார். அப்பாவுக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் பள்ளியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய சந்தோஷம், அத்தை எங்களோடேயே தங்கிவிட்டது. தினமும் எனக்குத் தலை பின்னிவிட்டாள், என் பக்கத்தில் படுத்தாள். மாமா வந்து அழைத்துப் போய்விடக் கூடாது என்று பிள்ளையாரைச் சுற்றி வேண்டிக்கொண்டேன். பின்னும்போது அவள் கை ஏன் பாதியில் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியவில்லை. இழுத்துப் பின்னு என்று அவளை அதட்டியிருக்கிறேன்.

இப்போது என் பிரசவத்துக்காக அத்தை வில்லியனூரில் எங்கள் வீட்டில் இருக்கிறாள். என் மூத்த மகளுக்கு ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை மதியப் படத்துக்கு அழைத்துப் போகச் சொல்லி அத்தையை நச்சரிக்கிறாள். அத்தை என்னையே பார்க்கிறாள். அவளுக்கும் போக ஆசை இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, தவறாகவும் இருக்கலாம். என் கணவர் நல்லவர். ஆனால் வீட்டை விட்டு யார் கிளம்பினாலும், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்றுதான் முதலில் கேட்பார். படித்தவள் நான், ஆனாலும் இதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர்களை அனுப்பலாமா? அனுப்பினால் அவரிடம் எந்த நேரத்தைச் சொல்வது? பெண் பிள்ளைகளை வளர்த்தவர்கள் யாராவது எனக்கு எழுதுங்கள்.