மூளியாக வந்த தாலி

தம்பி கல்யாணத் தாலிக்கு மாதிரி எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. பரவையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு ரெசின் பிரிண்டர் வைத்திருக்கிறேன். நகைப் பட்டறைகளுக்கு மோதிரம், தோடு மாதிரிகள் அதில்தான் எடுக்கிறேன். தொட்டியில் ரெசின் என்ற பிசின்போன்ற திரவம் நிற்கும். தொட்டிக்குக் கீழே உள்ள கண்ணாடித் திரையிலிருந்து வெளிச்சம் பட்ட இடம் மட்டும் இறுகும். அந்த மாதிரியை வைத்து ஆசாரி அச்செடுத்துப் பொன்னை ஊற்றுவார். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பொன்னுருக்குச் சடங்கு வைத்திருந்தோம்.

செவ்வாயன்று எடுத்த முதல் மாதிரியில் நட்டநடுவே ஓட்டை. சனியன், ரெசின் அடியில் தங்கிவிட்டது என்று நன்றாகக் கலக்கிவிட்டு மறுபடி போட்டேன். அதே இடத்தில் ஓட்டை. வெளிச்ச நேரத்தைக் கூட்டினேன், கம்ப்யூட்டரில் வரைந்ததைத் திருத்தினேன், கரண்டைத் திட்டினேன். மூன்றாவதும் அப்படியே வந்தது. தொட்டியை மட்டும் கழற்றவில்லை. நிறைய ஊற்றியிருந்தேன், சிந்தினால் யார் துடைப்பது என்ற சோம்பல்.

மூன்றையும் மேசையில் வைத்திருந்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

“என்னடி இது, தாலி மூளியா வருது?”

“மெஷின் கோளாறும்மா. நீ போய் வேலையப் பாரு.”

“ஒண்ணுன்னா கோளாறு. மூணுமா?”

தம்பிக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயம் முறிந்திருந்தது. மண்டபம் வரைக்கும் பேசி முடித்த பிறகு முறிந்தது. அந்த வருஷம் முழுக்க அவன் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இந்தப் பெண் வந்த பிறகுதான் சிரிக்கிறான். அம்மா செருப்பை மாட்டினாள். “ஜோசியர்ட்ட ஒரு எட்டு போயி கேட்டுட்டு வாரேன். கல்யாணத்தத் தள்ளி வைப்போம்.”

எனக்கு வந்ததே கோபம்! “தள்ளி வச்சா அவன் செத்துருவாம்மா! இன்னைக்கு ஒருநாள் பொறு!” என்று கத்தினேன். அவள் செருப்பைக் கழற்றாமலே வாசலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். கல்யாண வீட்டில் செத்துருவான் என்று சொல்லிவிட்டோமே என்று என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றியது.

புதன்கிழமை காலையில், ஆனது ஆகட்டும் என்று தாலியை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்து எடுத்தேன். முழுசாக வந்தது. அப்படியென்றால் நடுவில்தான் வெளிச்சம் படவில்லை. தொட்டியைக் கழற்றினேன். கண்ணாடித் திரையின் நடுவே காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

ஆயுத பூஜையன்று நான் பூ வாங்க மாட்டுத்தாவணிக்குப் போயிருந்தேன். பஸ் கிடைக்காமல் நேரமாகிவிட்டது. தொட்டியைக் கழுவிக் காய வைத்திருந்ததால் திரை திறந்தே கிடந்தது. அப்பா போன பிறகு அம்மா குங்குமத்தைத் தொடுவதில்லை, தட்டை என்னிடம்தான் நீட்டுவாள். அன்றைக்கு நல்ல நேரம் போகிறதே என்று மிக்சி, தையல் மெஷின், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் அவளே பொட்டு வைத்திருந்தாள். நான் திரும்பி வந்து, குனிந்துகூடப் பார்க்காமல் தொட்டியை மாட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு முதலில் எடுத்தது இந்தத் தாலிதான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். “பாரு, ஒரு சகுனமும் இல்ல! நீ வச்ச பொட்டுதான் வெளிச்சத்த மறைச்சிருக்கு. இதுக்குப் போயி அம்புட்டு அழுகை!”

அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“தாலியறுத்த கையால வச்சேனே, அதான்டி,” என்றாள்.

வெளிச்சம், திரை, ரெசின் என்று என்னென்னவோ சொன்னேன். துடைத்துவிட்டு நடுவிலேயே வைத்து எடுத்துக் காட்டினேன். முழுத் தாலியைப் பார்த்துத் தலையாட்டினாள். அதன்பிறகு தள்ளிவைக்கும் பேச்சை எடுக்கவில்லை. பொன்னுருக்குக்கு மட்டும் தலைவலி என்று வரவில்லை. பொட்டைப் பற்றி வாயைத் திறக்காமல், என் தப்பு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். என் அவசரப் புத்தி.

கல்யாணத்தன்று தாலியைத் தேங்காய்மேல் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கத் தட்டை நான்தான் வரிசையாகக் கொண்டுபோனேன். அம்மா கடைசி வரிசையில் இருந்தாள்.

“தொடும்மா,” என்றேன்.

மேடையிலிருந்து தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“நேரமாகுதுடி, கொண்டு போ,” என்றாள்.