மூன்று தட்டு, ஓர் இடைவெளி, ஒரு தட்டு

இன்று தம்போயில் உள்ள ஒரு கடைக்குக் கார் டயர் மாற்றப் போனேன்.

காத்திருந்த நேரத்தில், நம் கல்யாண மண்டபங்களில் விடாமல் போடும் அந்த உள்ளூர் டிஸ்கோ பாட்டைப் போனில் போட்டு ஒத்திகை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா கல்யாணத்தில் நாங்கள் எட்டுப் பேர் அதற்கு ஆடுகிறோம்.

உங்களுக்கும் தெரிந்திருக்கும். மூன்று கைதட்டல், நீண்ட இடைவெளி, பிறகு ஒரே ஒரு கைதட்டல்.

கடைக்கார அங்கிள் டயரைக் கீழே வைத்தார். "இதுக்கு பேஸ் கித்தார் நான்தான் வாசிச்சேன்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. "அந்தக் கைதட்டல் யாரோட ஐடியா அங்கிள்?"

"ஐடியாவா? இங்க பின்னாடி ஸ்டோர்லதான் ரெக்கார்டிங். பழைய டயர்ல தண்ணி நின்னு ஒரே கொசு. எனக்கு ரெண்டு கையும் கித்தார்ல. பாடுறவன்தான் என்னைச் சுத்திச் சுத்திக் கொசுவைக் கைதட்டி அடிச்சான். டேப் ஒன்னுதான் இருந்துச்சு, அப்படியே விட்டுட்டோம் லா."

"அப்ப அந்த இடைவெளி?"

"கொசு எங்க போச்சுன்னு மேல பாத்துக்கிட்டு இருந்தோம்."

"கடைசித் தட்டு?"

"அதுல செத்துருச்சு."

மூன்று வாரமாக எங்கள் டான்ஸ் டீச்சர் நடத்தும் ஒரே பாடம் இதுதான்: "அந்த இடைவெளியில காதலனைத் தேடுற மாதிரி ஏக்கமா மேல பாருங்கம்மா. கடைசித் தட்டுல அவன் கெடச்சிட்டான்."

டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லவே போவதில்லை. ஆனால் முந்நூறு பேர் முன்னால் நான் ஏக்கத்தோடு மேலே பார்த்தாக வேண்டும்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இந்தப் பாட்டுக்கு ஆடியவர்கள் கையைத் தூக்குங்கள். தயவுசெய்து கைதட்டிவிடாதீர்கள்.